2.7 கிலோமீட்டருக்கு ஒரு விமானம்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே என்றொரு தீவு. அதற்குக் கிழக்கே, கண்ணுக்கெட்டும் தூரத்தில் பாப்பா வெஸ்ட்ரே. இரண்டிலும் விமான நிலையம் உண்டு. இடையே சுமார் 2.7 கிலோமீட்டர்தான், சென்னை மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதையே இதைவிட நீளம். லோகன்ஏர் நிறுவனம் 1967இல் தொடங்கிய இந்தச் சேவைதான், கால அட்டவணைப்படி இயங்கும் பயணிகள் விமானங்களில் உலகிலேயே மிகக் குறுகியது. அட்டவணை நேரம் 2 நிமிடம். அதிவேகமாகக் கடந்த சாதனை 53 வினாடி.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்று பள்ளியில் படித்தோம். இங்கே வகுத்துப் பார்ப்போம். பறக்கும் விமானம் பிரிட்டன்-நார்மன் ஐலேண்டர். நடுவானில் மணிக்குச் சுமார் 250 கி.மீ. போகும். அந்தக் கணக்கில் 39 வினாடி போதும். அட்டவணையின் 2 நிமிடத்தை வைத்துப் பார்த்தாலோ சராசரி வேகம் மணிக்கு 81 கி.மீ.தான். காரணம் எளிது: இந்தப் பயணத்தில் நடுவானம் என்ற கட்டமே கிடையாது. தரையை விட்டு எழும்பியதும் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரம் எந்தப் பயணத்திலும் உண்டு. நீண்ட பயணத்தில் அது கணக்கில் கரைந்துபோகும்; இங்கே அதுவே முழுப் பயணம். ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே சுமார் 44 கி.மீ. கணக்குப்படி பத்தரை நிமிடம்; நேரடியாகப் போனால் கால் மணி நேரம் வரை ஆகிறது.

காற்று சேர்ந்தால் கணக்கு இன்னும் சுவையாகும். விமானம் எதிர்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். இறக்கைக்குத் தேவையான தூக்குவிசை அப்போது குறைந்த ஓட்டத்திலேயே கிடைத்துவிடும். ஆகவே கிழக்குக் காற்று வீசும் நாளில் வெஸ்ட்ரேயிலிருந்து கிழக்கு நோக்கி எழும்பி, அப்படியே நேராகப் போய் இறங்கலாம். மேற்குக் காற்றென்றால் மேற்கே எழும்பி, வளைந்து திரும்பி, பாப்பா வெஸ்ட்ரேயைத் தாண்டிப் போய் மறுபடி வளைந்து இறங்க வேண்டும். எதிர்காற்றுள்ள நாளில் சீக்கிரம் போய்விடுவதும், பின்காற்றுள்ள நாளில் தாமதமாவதும் இந்த வழித்தடத்தின் அழகு.

ஐலேண்டர் இதற்கென்றே பிறந்ததுபோல இருக்கும். 1965இல் முதன்முதலாகப் பறந்த வடிவமைப்பு. உடலுக்கு மேலே இறக்கை, அதில் இரண்டு பிஸ்டன் எஞ்சின்கள், மடங்காத சக்கரங்கள். உள்ளே நடைபாதை கிடையாது. காரில் ஏறுவதுபோலப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து இருக்கையில் உட்கார வேண்டியதுதான். ஒரே விமானி என்பதால் அவர் பக்கத்து இருக்கையிலும் ஒரு பயணி உட்காரலாம். அங்கே இடம் கிடைத்தவருக்கு, எழும்பும்போதே எதிரே இறங்கவேண்டிய ஓடுபாதை தெரியும்.

இவ்வளவு சிறிய தூரத்துக்கு விமானம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. தனியாக இந்த 2.7 கிலோமீட்டருக்கென்று யாரும் விமானம் விடவில்லை. கிர்க்வாலிலிருந்து கிளம்பி இரு தீவுகளையும் தொட்டுத் திரும்பும் சுற்றில் இது ஒரு துண்டு. பாப்பா வெஸ்ட்ரேயில் நூறு பேர்கூட இல்லை. ஆசிரியர் வருவதும், மருத்துவர் வருவதும், நோயாளி கிர்க்வால் மருத்துவமனைக்குப் போவதும் இந்தச் சுற்றில்தான். 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய நாப் ஆஃப் ஹோவர் கல்வீட்டைப் பார்க்க வருகிற தொல்லியலாளர்களுக்கும் இதே விமானம்தான்.