சேலத்து வெயிலும் சத்தமில்லாத ஃபேனும்

பெட்டிக்குள் என்ன இருக்கு? – 11

பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ தறி ஓடும் தெருவில் ஆறு மாதம் இருந்த ஒரு கம்ப்யூட்டரைக் கழற்றிப் பார்த்தால், முன்பக்க ஃபேனின் இறக்கை விளிம்பில் பஞ்சு மெத்தை மாதிரி ஒட்டியிருக்கும். துண்டும் லுங்கியும் நெய்யும் ஊர். பஞ்சு பறக்காமல் என்ன செய்யும்? ஆத்தூர் பக்கம் சேகோ ஆலை ஆபீஸ் என்றால் வெள்ளை மாவு. நாமக்கல் கோழிப்பண்ணை என்றால் தீவனத் தூசியும் இறகுத் துணுக்கும். லாரி புக்கிங் ஆபீஸ் என்றால் சாலைப் புழுதியோடு கொஞ்சம் டீசல் கரி. எந்த ஊர்ப் பெட்டி என்பதை அழுக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்த ஊர்களில் ஃபேன் வாங்க வருபவர் கேட்பது ஒன்றுதான்: “சத்தமே வரக்கூடாதுங்க. ஆனா சூடும் ஆகக்கூடாது.” கடைக்காரர் எடுத்து நீட்டும் அட்டைப்பெட்டியில் இரண்டு எண்கள் பெரிதாக இருக்கும். ஒன்று டெசிபல், இன்னொன்று, நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது. பெரிய கம்பெனிகள் இதில் பொய் எழுதுவதில்லை. ஆனால் முன்னால் ஃபில்டரோ கம்பி வலையோ இல்லாமல், ஃபேன் தனியாகச் சுழலும்போது எடுத்த அளவு அது. பெட்டிக்குள் திருகி மாட்டியதும் காற்று குறையும், சத்தம் கூடும்.

வெப்பக் கணக்கும் அப்படித்தான். ஃபேன்களையும் கூலர்களையும் சோதித்து எழுதுபவர்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் சேலம் பல நாள் 40 டிகிரியைத் தாண்டியது. பேப்பரில் ‘106 டிகிரி’ என்று போட்டால் செல்சியஸில் அது 41. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, பிற்பகல் மூன்று மணிக்கு 38 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 22 டிகிரி அறையில் 70 டிகிரியில் நின்ற பிராசஸர், அதே வேலையை அதே ஃபேன் வேகத்தில் செய்தால் இங்கே 86-ஐத் தொடும். 16 டிகிரி வித்தியாசம் அப்படியே மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. எவ்வளவு விலை உயர்ந்த ஃபேனும் அறைக் காற்றைவிடக் குளிர்ந்த காற்றைத் தர முடியாது.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காற்று, அழுத்தம், சத்தம் மூன்றும் சுழலும் வேகத்தோடு கட்டுண்டவை. ஒரு ஃபேனின் வேகத்தை நிமிடத்துக்கு 1,800 சுற்றிலிருந்து 900-க்குக் குறைத்தால் காற்று பாதியாகும். சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும் என்பதால், இது பெரிய இறக்கம். இப்போது அதே மாதிரி இன்னொரு ஃபேனைப் பக்கத்தில் மாட்டி இரண்டையும் 900-இல் ஓட்டினால், விட்ட காற்று திரும்பக் கிடைத்துவிடும். சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். வேகமாக ஓடும் ஒரு ஃபேனைவிட மெதுவாக ஓடும் இரண்டு ஃபேன்கள் மேல் என்பதற்கு இதுதான் கணக்கு. ஃபேனின் அளவு கூடினாலும் இதே லாபம்: ஒரே வடிவம், ஒரே வேகம் என்றால் 120 மில்லிமீட்டர் ஃபேனைவிட 140 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றரை மடங்குக்கும் மேல் காற்றைத் தள்ளும். பழைய பெட்டிகளில் இருக்கும் 80 மில்லிமீட்டர் ஃபேன் அலறுவதற்குக் காரணம், சின்ன உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு காற்றையும் தள்ள வேண்டியிருப்பதுதான்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் அழுத்தம் பாதியாகாது, கால்பங்காகிவிடும். ஃபில்டரைத் துளைத்துக் காற்றை உள்ளே இழுக்க அழுத்தம் வேண்டும். ஐரோப்பாவில் ஒரு வீட்டில் 700 சுற்றில் நிம்மதியாக ஓடும் ஃபேன், குமாரபாளையத்தில் பஞ்சு அடைத்த ஃபில்டருக்குப் பின்னால் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். சத்தமும் வராது, காற்றும் வராது. ஆகவே இந்தப் பக்கத்து ஆட்கள் முன்பக்கத்துக்கு வாங்கும்போது, அழுத்தத்துக்கென்று வடிவமைத்த ஃபேனைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இறக்கைகள் அகலமாக, இடைவெளி குறைவாக இருப்பது அதன் அடையாளம். அட்டையில் அழுத்தத்தை ‘நீர் மில்லிமீட்டர்’ கணக்கில் போட்டிருப்பார்கள். 2-க்கு மேல் இருந்தால் நல்லது.

காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை நாமக்கல்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கோடையில் பண்ணையாளர்கள் என்ன செய்ய வேண்டும் என்று நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆலோசனையே தொடர்ந்து வருகிறது. மூடிய வகை ஈ.சி. ஷெட்டில் ஒரு கோடியில் ஈரப் பேடு, மறு கோடியில் பெரிய ஃபேன்கள். நடுவில் ஓட்டை இருந்தால் காற்று குறுக்கே புகுந்துவிடும் என்று அடைத்து வைப்பார்கள். கம்ப்யூட்டர் பெட்டிக்கும் அதே விதிதான்: முன்னால் உள்ளே, பின்னால் வெளியே, நடுவில் தேவையில்லாத சந்து கூடாது. ஒரே ஒரு வித்தியாசம். ஷெட்டில் ஃபேன்கள் காற்றை வெளியே இழுக்கும். கம்ப்யூட்டரில் வெளியே தள்ளும் ஃபேன்கள் அதிகமானால், அடைக்க முடியாத சந்துகள் வழியாகவெல்லாம் தூசி உள்ளே வரும். உள்ளே தள்ளும் ஃபேன் இரண்டு, அதற்கு ஃபில்டர். வெளியே தள்ள ஒன்று. தறி ஊருக்கு இதுவே போதும். ஏர் கூலரைப் பெட்டிக்கு நேராகத் திருப்பி வைப்பவர்களும் உண்டு. அதை விட்டுவிடுவது நல்லது. ஈரக்காற்றும் பஞ்சும் சேர்ந்தால் ஹீட் சிங்க்கில் பசை மாதிரி அப்பிக்கொள்ளும்.

அடுத்து பேரிங். விலை குறைந்த ஃபேன்களில் இருப்பது சாதாரண ஸ்லீவ் பேரிங். புதிதில் சத்தமே இருக்காது. சூட்டில் எண்ணெய் வற்ற வற்ற, காலையில் ஆன் செய்ததும் ‘கர்ர்’ என்று ஆரம்பிக்கும். பால் பேரிங் சூட்டைத் தாங்கும், மெல்லிய ரீங்காரம் கூடவே வரும். திரவ அழுத்தத்தில் தண்டு மிதக்கும் ஃப்ளூயிட் டைனமிக் வகை இரண்டுக்கும் நடுவே நல்ல சமரசம். ஆயுள் இத்தனை ஆயிரம் மணி நேரம் என்று போட்டிருந்தால், அது எத்தனை டிகிரியில் என்பதையும் பாருங்கள். 40 டிகிரி என்று குறிப்பிடுபவர்கள் பலர். இங்கே மே மாதத்தில் பெட்டியின் உள்காற்று அதைத் தாண்டிவிடும்.

ஆஸ்திரியாவின் நாக்டுவா கம்பெனி 2018-இல் கொண்டுவந்த என்எஃப்-ஏ12எக்ஸ்25 என்ற ஃபேன் இந்தத் துறையில் ஒரு அளவுகோல். இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டர்தான். சூட்டிலும் சுழற்சியிலும் இறக்கை நீளாமலிருக்கத் தனி வகை பிளாஸ்டிக். 2,000 சுற்றில் 22.6 டெசிபல் என்கிறார்கள். அருமையான பொருள், சந்தேகமில்லை. ஆனால் தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ஐந்தில் ஓடும் அறையில், மெதுவாக ஓடும் சாதாரண ஃபேனுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் காதில் விழாது. மே மாதம் சேலத்தில் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரைக் காது கொடுத்துக் கேட்பவர் யார்? அந்தப் பணத்தில் ஆர்க்டிக் பி12 போன்ற நடுத்தர விலை ஃபேன்களை இரண்டு மூன்று வாங்கி மெதுவாக ஓட்டலாம். வண்ண விளக்குக்குக் கொடுக்கும் காசு காற்றுக்கும் உதவாது, காதுக்கும் உதவாது.

சீலிங் ஃபேன் என்றதும் இதையும் சொல்லிவிடலாம். கோவையின் வெர்சா டிரைவ்ஸ் 2012-இல் ‘சூப்பர்ஃபேன்’ கொண்டுவந்தபோது, 75 வாட் வாங்கிய இடத்தில் 35 வாட் போதும் என்றது பலருக்கும் ஆச்சரியமாக இருந்தது. அதிலிருக்கும் பி.எல்.டி.சி. மோட்டாரின் தம்பிதான் கம்ப்யூட்டர் ஃபேனில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருப்பது; அது வாங்குவது ஓரிரு வாட்தான். தறிகள் எல்லாம் ஓடும் மாலையில் வோல்டேஜ் இறங்கினால் பழைய சீலிங் ஃபேன் தளர்ந்துபோகும். கம்ப்யூட்டர் ஃபேன் தளராது. போன வாரம் பார்த்த பவர் சப்ளை அதற்கு 12 வோல்ட்டைச் சீராகக் கொடுத்துவிடும்.

உண்மையில் மனிதரை எரிச்சல்படுத்துவது சத்தத்தின் அளவைவிட அதன் ஏற்ற இறக்கம். இளம்பிள்ளையில் சேலை டிசைன் போடும் கம்ப்யூட்டரில் ஒரு பெரிய ஃபைலைத் திறந்ததும் ஃபேன் ‘உய்ய்’ என்று எகிறி, அடுத்த நொடி அடங்கும், மறுபடி எகிறும். நாலு பின் உள்ள பி.டபிள்யூ.எம். ஃபேனாக வாங்கினால் பயாஸில் இதைச் சரிசெய்யலாம். 60 டிகிரி வரை ஒரே மெதுவான வேகம், அதன் பிறகு படிப்படியாக ஏற்றம், வேகம் மாறுவதற்குச் சில நொடித் தாமதம். பத்து நிமிட வேலை, செலவு கிடையாது. குளிர்காலத்தில் வைத்த கணக்கை ஏப்ரலில் ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சர்வீஸ் கடையில் “ஏர் அடிச்சுக் குடுங்க” என்று கொடுக்கும்போது, இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிளோயர் அடிக்கச் சொல்லுங்கள். விட்டால் அது அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். தறித் தெருவில் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழற்றித் தட்ட வேண்டும். மற்ற இடங்களில் மாதம் ஒருமுறை போதும். புது ஃபேன் வாங்கப் போகும்முன் பெட்டியில் ஸ்குரூ துளைகளுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போங்கள்: 105 மில்லிமீட்டர் என்றால் 120 ஃபேன், 124.5 என்றால் 140, வெறும் 71.5 என்றால் 80.

(தொடரும்)