சோளக்காட்டுச் சந்தையும் சாமையின் பலாபலமும்

ஒரு சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் அதன் வலிமை, குறை, வாய்ப்பு, அபாயம் என்ற நான்கையும் எடைபோட வேண்டுமென்று இக்காலத்து வியாபார சாஸ்திரிகள் கூறுகிறார்கள். அதற்கு 'ஸ்வாட்' என்று பெயரும் சூட்டியிருக்கிறார்கள். முறை நல்லதே, ஆனால் நமக்குப் புதிதன்று. வலியறிதலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர், பகைவன் பலத்தையும் துணைவர் பலத்தையும்கூடக் கணக்கில் சேர்க்கச் சொன்னார். அந்தத் தராசில் இன்று கொல்லிமலைச் சாமையை நிறுத்திப் பார்ப்போம்.

நாமக்கல் ஜில்லாவில், காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மலையேறுவோர் சோளக்காட்டுச் சந்தையை அறிவர். பலா, வாழை, அன்னாசி, மிளகு, தேன் ஆகியவை அங்கே கண்ணைக் கவரும். மலைவாசிகளான மலையாளிகளைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய சாமையோ அவற்றைப் போல் கண்ணைக் கவருவதன்று.

முதலில் வலிமை. மானாவாரிச் சரிவில், சொற்ப மழையில், உரச்செலவின்றி விளைவது சாமை. உமி நீக்காமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. பஞ்ச காலத்துக்கு இதைவிட நல்ல சேமிப்பு இல்லை. தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்து மிகுந்தது. வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று மலைக்கே உரிய பல ரகங்களும் உண்டு.

குறைகளை மறைப்பதில் பயனில்லை. விளைச்சல் குறைவு. உமியோ கடினமானது, அதை உரலில் இடித்து நீக்கும் பாடு முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. பயிர் கைவிடப்பட்டதற்கு இந்த உழைப்பும் பெரிய காரணம். உமி நீங்கிய அரிசி சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும். வாடைக்கு அஞ்சி அதிகமாகத் தீட்டினால், எந்தச் சத்துக்காக விலை கேட்கிறோமோ அதுவே தவிட்டோடு போய்விடும்.

வாய்ப்போ முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு வந்திருக்கிறது. பாரதத்தின் யோசனையை ஏற்று ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டில் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களின் ரேஷன் கடைகளில் கேழ்வரகு வழங்கப்பட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல்லாண்டுகளாகக் கொல்லிமலையில் பணிபுரிந்து, பழைய ரகங்களின் விதைகளைக் காக்கவும், உமி நீக்கும் யந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுவரவும் உதவியிருக்கிறது. துணைவலி என்பது இதுவே.

அபாயம் எங்கே? மரவள்ளியில் என்பர் பலர். சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கி ரொக்கம் தருகின்றன. அந்த ஜவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ரொக்கத்தை நாடும் குடியானவனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் கிழங்கைப் பிடுங்கும்போது சரிவின் மண் இளகி மழையில் கரைந்து போகிறது. 2020-இல் நம் தேசத்துக்குள் நுழைந்த மாவுப்பூச்சி, ஒரே பயிரை நம்புவதன் ஆபத்தையும் காட்டிவிட்டது. இன்னோர் அபாயம் ஆதரவு விலையைப் பற்றியது. மத்திய சர்க்காரின் ஜாபிதாவில் சோளம், கம்பு, கேழ்வரகு உண்டு. சாமைக்கென்று தனி விலை இல்லை. எல்லாவற்றிலும் பெரிய அபாயம், விதைக்காமலிருந்தால் ரகமே அழிந்துபோவதாகும். ஆலையை இழந்தால் மறுபடி கட்டலாம். அழிந்த விதையை எவராலும் செய்ய முடியாது.

நான்கையும் சீர்தூக்கிய பின் நமது அபிப்பிராயம் இதுதான். விலையில் அரிசியோடு போட்டியிட்டால் சாமை தோற்கும். குணத்தில் போட்டியிட்டால் வெல்லும். ஆகவே யந்திரம் மலையிலேயே இருக்கட்டும். தானியமாகச் சேமித்து, வேண்டியபோது மட்டும் குறைவாகத் தீட்டி, ரகத்தின் பெயரோடு விற்கட்டும். பள்ளிச் சத்துணவுக்கும் அங்கன்வாடிக்கும் சர்க்கார் நியாய விலையில் கொள்முதல் செய்யட்டும்.

ஒன்று மட்டும் மறக்கலாகாது. பட்டணத்தார் சாமையைப் பத்தியமாக உண்டு, விளைவித்தவன் வீட்டில் ரேஷன் அரிசி மட்டுமே பொங்குமானால், அது வியாபாரத்தின் வெற்றியாகலாம், மலையின் வெற்றியாகாது. முதற்படி சாமை மலைவாசியின் உலைக்குச் சேரட்டும். மிஞ்சியது சந்தைக்கு வரட்டும்.