கையில் 13 சீட்டு, பேச 15 சொல்: பிரிட்ஜ் ஏலத்தின் ‘கோட் வேர்டு’ என்ன?

திருச்சியில் ‘பிரிட்ஜ்’ என்றால் சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம்தான் ஞாபகத்துக்கு வரும். இது அந்த பிரிட்ஜ் இல்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த சீட்டாட்டம். 2023-ல் ஹாங்சோவில் இந்திய ஆண்கள் அணி வெள்ளி வென்றதும் இதில்தான்.

‘சீட்டாட்டத்துக்கெல்லாம் மெடலா?’ என்று கேட்டால், ஏலத்தைப் பாருங்கள். மூளைக்குப் பாதி வேலை அங்கேயே இருக்கிறது.

ஏலம் எதற்கு?

4 பேர், 2 ஜோடி. எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு, மொத்தம் 13 சுற்று. எது துருப்பு, எத்தனை சுற்று ஜெயிப்போம் என்று முன்கூட்டியே சொல்வதுதான் ஏலம். ‘28’ ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. ‘2 ஸ்பேட்’ என்றால் 6 + 2, அதாவது ஸ்பேட் துருப்பில் 8 சுற்று ஜெயிப்போம் என்று அர்த்தம்.

பேசுவதற்கு 15 சொற்கள்தான்: 1 முதல் 7 வரை எண்கள், கிளாவர், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட், நோ டிரம்ப், பாஸ், டபுள், ரீடபுள். ஆனால் ஒருவர் கைக்கு வரும் 13 சீட்டு சுமார் 63,500 கோடி விதமாக அமையலாம். அவ்வளவையும் 15 சொல்லில் எப்படிச் சொல்வது? அதனால் சில ஏலங்களுக்குத் தனி அர்த்தம் பேசி வைத்துக்கொள்கிறார்கள். அதுதான் ‘கன்வென்ஷன்’.

முதல் கணக்கு, பாயின்ட். ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1. மொத்தக் கட்டில் 40. இரண்டு கூட்டாளிகள் கையிலும் சேர்ந்து 25 தேறினால், போனஸ் தரும் ‘கேம்’ அளவுக்கு ஏலத்தை உயர்த்தலாம்.

தெரிந்திருக்க வேண்டிய மூன்று

ஸ்ரீரங்கத்து ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் ஒருவரும், தில்லை நகரிலிருந்து வரும் ஐ.டி. ஊழியர் பெண் ஒருவரும் ஒரு போட்டியில் முதல்முறையாக ஜோடி சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு பிரிக்கும் முன் பேச்சு இப்படித்தான் போகும்:

“சார், ஸ்டேமன் உண்டுதானே?”
“உண்டும்மா. டிரான்ஸ்ஃபரும் உண்டு. பிளாக்வுட் பழசா, புதுசா?”

ஸ்டேமன்: சார் ‘1 நோ டிரம்ப்’ என்று தொடங்குகிறார். பலரும் ஆடும் முறையில் 15-17 பாயின்ட், சீரான கை என்று பொருள். இவர் ‘2 கிளாவர்’ என்கிறார். இதற்கும் கிளாவருக்கும் சம்பந்தமே இல்லை. ‘ஹார்ட்டோ ஸ்பேடோ நாலு சீட்டு இருக்கா?’ என்ற கேள்வி அது. ‘2 டைமண்ட்’ என்று பதில் வந்தால், இல்லை என்று பொருள்.

டிரான்ஸ்ஃபர்: ‘2 டைமண்ட்’ என்றால் என்னிடம் 5 ஹார்ட் இருக்கிறது, ‘2 ஹார்ட்’ என்றால் 5 ஸ்பேட். பலமான கை மறைந்தே இருக்க, அவரே ஆட வேண்டும் என்பதற்காக இந்தச் சுற்றுவழி. சார் இதை மறந்து, நிஜ ஹார்ட் என்று நினைத்து ‘பாஸ்’ சொன்னால் கதை கந்தல். ஒற்றை ஹார்ட் வைத்திருப்பவர் ஹார்ட் துருப்பில் ஆட வேண்டி வரும்.

பிளாக்வுட்: 13-ல் 12 சுற்று ஜெயிக்கும் ‘ஸ்லாம்’ ஆசை வந்தால் ‘4 நோ டிரம்ப்’. ‘எத்தனை ஏஸ்?’ என்று அர்த்தம். பழைய முறையில் ‘5 டைமண்ட்’ என்றால் ஓர் ஏஸ். துருப்பு ராஜாவையும் சேர்த்து எண்ணும் புதிய முறைகளில் ஒன்றில் அதே பதிலுக்கு ‘ஒன்றுமில்லை அல்லது மூன்று’ என்று பொருள். ‘பழசா, புதுசா’ என்று சார் கேட்டது இதனால்தான்.

கோட் வேர்டு, ஆனால் ரகசியம் இல்லை

பலர் தப்பாக நினைப்பது இங்கேதான். கூட்டாளிகள் பேசி வைத்த அர்த்தம் எதிரணிக்கும் தெரிய வேண்டும் என்பதே விதி. அதை ‘கன்வென்ஷன் கார்டு’ என்ற தாளில் எழுதி மேஜையில் வைக்கிறார்கள். வழக்கத்துக்கு மாறான ஏலம் வந்தால், கூட்டாளி ‘அலர்ட்’ சொல்ல வேண்டும். எதிராளி கேட்டால் விளக்க வேண்டும்.

குரல் ஏற்ற இறக்கம்கூட துப்பு கொடுத்துவிடும் என்பதால், வாயால் சொல்லாமல் பெட்டியிலிருந்து அட்டை எடுத்து வைக்கிறார்கள். பெரிய போட்டிகளில் கூட்டாளியின் முகம் தெரியாதபடி நடுவில் திரை. ஒருவர் ரொம்ப நேரம் யோசித்து ‘பாஸ்’ சொன்னால், அந்தத் தயக்கத்தைக் கூட்டாளி பயன்படுத்திக்கொள்ளவும் கூடாது.

மீறினால்? 2013-ல் பாலியில் நடந்த உலக சீனியர் போட்டியில் இருமலையே சிக்னலாக்கியதாக ஜெர்மனி ஜோடி மீது புகார் எழுந்தது. உலக பிரிட்ஜ் சம்மேளனம் அவர்களுக்குத் தடை விதித்தது. இருவரும் டாக்டர்கள்!

அதிர்ஷ்டம் இல்லையா?

நல்ல சீட்டு வந்தவர் ஜெயிப்பார் என்பது வீட்டு ஆட்டத்தில் சரி. போட்டிகளில் ஒரே சீட்டு அமைப்பைப் பல மேஜைகளில் ஆட வைக்கிறார்கள். அதே சீட்டை வைத்து மற்றவர்களைவிட நீங்கள் என்ன சாதித்தீர்கள் என்பதுதான் மதிப்பெண். அதனால் ‘எனக்குச் சீட்டே வரலை’ என்ற சாக்கு இங்கே செல்லாது.

கற்க ஆசையா? பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் தளத்தில் இலவசமாகத் தொடங்கலாம். முன்பின் தெரியாதவருடன் உட்காரும்போது நான்கு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ‘1 நோ டிரம்ப்’புக்கு எத்தனை பாயின்ட், ஸ்டேமன் உண்டா, டிரான்ஸ்ஃபர் உண்டா, எந்த பிளாக்வுட்? இரண்டு நிமிடம்தான் ஆகும். கேட்காமல் விட்டால், எதிரணி தோற்கடிக்கும் முன்பே கூட்டாளிகள் ஒருவரையொருவர் தோற்கடித்துவிடுவார்கள்.