மார்சிலிங்கிலிருந்து விமானி அறைக்கு எவ்வளவு தூரம், தெரியுமா?

சிங்கப்பூர் மண்ணிலிருந்து முதன்முதலாக ஒரு விமானம் எழும்பியது எங்கே, தெரியுமா? சாங்கியில் இல்லை. பாய லேபாரில் இல்லை. காலாங்கில்கூட இல்லை. நம் தேக்காவுக்குப் பக்கத்தில், ஃபேரர் பார்க்கில்! அப்போது அங்கே குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1911 மார்ச் 16ஆம் தேதி ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் என்பவர் ‘பிரிஸ்டல் பாக்ஸ்கைட்’ என்ற விமானத்தை அந்தத் திடலிலிருந்து கிளப்பிப் பறக்கவிட்டார். கட்டையும் துணியும் கம்பியுமாக இருந்த விமானம் அது. 1919 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த ராஸ் ஸ்மித்தின் குழுவும் இதே திடலில்தான் இறங்கியது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழை இலை போட்டு மீன்தலைக் கறி சாப்பிடுகிறோமே, அதன் அருகில்தான் இந்தத் தீவின் விமான வரலாறே தொடங்கியிருக்கிறது!

இப்போது வடக்கே மார்சிலிங்குக்கு வாருங்கள். வீவக அடுக்குமாடிகள், காப்பிக்கடைகள், கொஞ்ச தூரத்தில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி, நீரிணைக்கு அப்பால் ஜோகூர் பாருவின் கட்டடங்கள். இந்த வட்டாரத்துப் பிள்ளை ஒன்று “பைலட் ஆகணும்” என்று சொன்னால் பல வீடுகளில் என்ன பதில் வரும்? “அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைங்களுக்குப்பா.” இந்தப் பதில் தவறு என்று அடித்துச் சொல்வேன். விமான நிறுவனங்கள் கேட்கும் தகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்!

முதலில் கண். கண்ணாடி போட்டவர் பயணிகள் விமானத்தை ஓட்டலாம், தெரியுமா? கிட்டப்பார்வை மலிந்த இந்த ஊரில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஐசிஏஓ எனப்படும் அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்த முதல்தர மருத்துவத் தகுதி என்ன கேட்கிறது? கண்ணாடியோடோ கண்ணாடி இல்லாமலோ ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்ணும் சேர்ந்து 6/6. அவ்வளவுதான்! கண்ணாடி போடுபவர் இன்னொரு கண்ணாடியை விமானி அறையில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. நாடுகளும் நிறுவனங்களும் இதற்குமேல் தங்கள் வரம்புகளைச் சேர்ப்பதுண்டு. ஆனால், “கண்ணாடி போட்டாச்சு, கனவு போச்சு” என்பது பழைய கதை. நிறக்குருடு வேறு விஷயம். சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்குகளைப் பிரித்தறிய முடியாவிட்டால் அது பெரிய தடையாகிவிடும். அதனால் ஒரு வெள்ளி கட்டணம் கட்டுவதற்கு முன்பே விமானப் போக்குவரத்து மருத்துவரிடம் போய் முழுச் சோதனை செய்துகொள்ளுங்கள். பயிற்சிக்குப் பணம் கட்டி முடித்தபின் மருத்துவத்தில் தோற்றுப்போகும் பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

அடுத்து மொழி. விமானிகளுக்கு ஆங்கிலத் தேர்வு உண்டு, அதில் ஆறு நிலைகள் உண்டு, தெரியுமா? அனைத்துலகச் சேவைக்கு நான்காம் நிலையாவது வேண்டும். இந்த விதிக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே சார்க்கி தாத்ரி வானில் சவுதி போயிங் 747 ஒன்றும் கஸகஸ்தான் சரக்கு விமானம் ஒன்றும் மோதி 349 பேர் மாண்டார்கள். கட்டுப்பாட்டு அறை சொன்ன உயரத்தைக் கஸகஸ்தான் விமானக் குழு சரியாக உள்வாங்கவில்லை. அந்தப் பேரிழப்பும் சேர்ந்துதான் உலகம் முழுமைக்கும் இந்தத் தேர்வைக் கொண்டுவந்தது. இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி: தமிழ் வாடை வீசும் உச்சரிப்பு குற்றமே இல்லை! புரிதலுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது, அதுதான் நிபந்தனை.

இப்போது வாயைப் பிளக்க வைக்கும் கணக்கு ஒன்று. அமெரிக்காவில் பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரப் பொதுவாக எத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும், தெரியுமா? 1,500! நம் பக்கத்தில்? வர்த்தக விமானி உரிமத்துக்கு ஐசிஏஓ கேட்பது 200 மணி நேரம்தான். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சி என்றால் 150 போதும். அந்த உரிமத்தோடு டைப் ரேட்டிங் எனப்படும் ரகப் பயிற்சியையும் முடித்தவர் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் நூற்றுக்கணக்கான பயணிகள் அமரும் விமானத்தின் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்துவிடலாம். ஏன் இந்த மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்? 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடின. 2010இல் சட்டம் வந்தது, 2013இல் 1,500 மணி விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த விமானத்தின் இரண்டு விமானிகளுமே 1,500 மணி நேரத்தைத் தாண்டிப் பறந்தவர்கள், தெரியுமா? மணிக்கணக்கு மட்டும் ஒருவரை நல்ல விமானி ஆக்கிவிடாது என்று நினைக்கும் கட்சியில்தான் நான் இருக்கிறேன். பயிற்சி எப்படி நடந்தது என்பதுதான் முக்கியம்.

அந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது, தெரியுமா? சிங்கப்பூரில் உள்நாட்டு விமானச் சேவையே கிடையாது! பயணிகளை ஏற்றிக்கொண்டு சாங்கியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு சேவையும் இன்னொரு நாட்டுக்குப் போகிறது. இந்த ஊர் விமானி வேலையின் முதல் நாளிலேயே எல்லை தாண்டுகிறார். கற்றுக்கொள்வதற்கும் வானம் போதாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1988இல் தொடங்கிய பறக்கும் கல்லூரி, மாணவர்களை ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு அருகிலுள்ள ஜண்டகாட்டுக்கு அனுப்பியது. ஆகாயப்படையும் பெர்த் அருகே பியர்ஸிலும், பிரான்சின் கஸோவிலும் பயிற்சி நடத்துகிறது. சிலேத்தார் ஓடுபாதைக்கு வடக்கிலிருந்து இறங்கும் பாதை மலேசியாவின் பாசிர் கூடாங் மேல் போவதால் 2018, 2019இல் இரு நாடுகளும் பேச்சுவார்த்தை நடத்த வேண்டி வந்ததே, நினைவிருக்கிறதா? வானம் இங்கே அவ்வளவு குறுகல்!

அதே சிலேத்தாரில்தான் 2016இல் ஏர்பஸ்ஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து ஒரு பெரும் பயிற்சி மையத்தைத் திறந்தன. இயந்திரக் கால்களின் மேல் நின்று ஆடும் சிமுலேட்டர்கள் வரிசையாக இருக்கும் இடம். இவை எவ்வளவு துல்லியமானவை, தெரியுமா? அனுபவமுள்ள ஒரு விமானி வேறு ரக விமானத்துக்கு மாறும்போது முழுப் பயிற்சியையும் சிமுலேட்டரிலேயே முடித்துவிடலாம் என்று பல நாடுகளின் விதிகள் அனுமதிக்கின்றன. நிஜ விமானத்தில் அவருடைய முதல் தரையிறக்கமே பயணிகளோடு நடக்கும், பக்கத்தில் பயிற்சிக் கேப்டன் இருப்பார்! புதியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. காலி விமானத்தை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஏறி இறங்கிக் காட்ட வேண்டும்.

தேர்வுக் குழு எதைத்தான் தேடுகிறது? கணினித் தேர்வுகளில் நினைவாற்றல், கை-கண் ஒருங்கிணைப்பு, ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிக்கும் திறன் இவையெல்லாம் சோதிக்கப்படும். ஆனால் குழுப் பணிகளிலும் நேர்காணலிலும் அவர்கள் பார்ப்பது வேறொன்று. அது என்ன என்பதை நம் தலைக்கு மேலேயே நடந்த சம்பவம் ஒன்று சொல்லும். 2010 நவம்பர் 4. சாங்கியிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் ஏ380 பாத்தாம் தீவுக்கு மேல் போனபோது இயந்திரம் ஒன்று வெடித்துச் சிதறியது. சிதறிய துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. திரையில் எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டின. உள்ளே 469 பேர். அன்று விமானி அறையில் ஐந்து விமானிகள் இருந்தார்கள், தெரியுமா? கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி அவசரப்பட்டு இறக்கவில்லை. வேலையைப் பங்கிட்டார், ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டார், ஏறக்குறைய ஒரு மணி நேரம் பட்டியல் பட்டியலாகச் சரிபார்த்து, பிறகே சாங்கியில் இறக்கினார். ஒருவருக்கும் காயம் இல்லை! பதற்றத்தில் கத்தாதவர், தன்னைவிட இளையவர் சொல்வதைக் காதில் வாங்குபவர், தவறு கண்டால் மூத்தவரிடமும் வாய் திறப்பவர். இப்படிப்பட்ட பிள்ளையைத்தான் தேடுகிறார்கள். மார்சிலிங்கில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கா பஞ்சம்?

படிப்பும் தொலைவில் இல்லை. உட்லண்ட்ஸிலேயே ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி இருக்கிறது, அங்கே வான்வெளிப் பொறியியலும் விமானப் போக்குவரத்து நிர்வாகமும் பட்டயப் படிப்புகளாக உண்டு. 1971இல் தொடங்கப்பட்ட இளையர் பறக்கும் மன்றம் சிலேத்தாரில் மாணவர்களுக்கே சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறது. கார் உரிமம் எடுக்கும் முன்பே விமான உரிமம் எடுத்த பிள்ளைகள் இந்த ஊரில் உண்டு! இந்தியாவிலோ வர்த்தக விமானி உரிமத்துக்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம் என்ற விதி பல காலமாக இருந்துவருகிறது. கலைப் பிரிவு மாணவர்கள் அந்த இரண்டு பாடங்களைத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தனியே எழுதுவார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா என்று இன்னும் கேட்பவர்களுக்கு ஒரு பெயர்: உஷா சுந்தரம். 1949இலேயே பெங்களூரு ஜக்கூர் பயிற்சிப் பள்ளியில் தேறியவர். 1951இல் கணவர் வி. சுந்தரத்தோடு மதராஸ் அரசுக்காக வாங்கிய டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார், தெரியுமா? உலகில் பெண் விமானிகளின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம் என்றால், இந்தியாவில் அது 12 சதவீதத்துக்கும் மேல்! வளர்ந்த நாடுகள் பலவற்றை இந்தியா முந்தி நிற்கும் இடம் இது.

சரி, தகுதி இருக்கிறது. வேலை கிடைக்குமா? இங்கேதான் எல்லாப் பெற்றோரும் நிமிர்ந்து உட்கார வேண்டும். விமானி வேலையில் தகுதிக்கு ஈடாக இன்னொன்றும் தீர்மானிக்கிறது. நீங்கள் பயிற்சி முடிக்கும் வருடம்! 2020 மார்ச்சில் கொவிட்-19 வந்தபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் கொள்ளளவில் 96 சதவீதத்தை நிறுத்தியது. அதன் 147 விமானங்களில் 138 தரையில் நின்றன, துணை நிறுவனமான சில்க்ஏரையும் சேர்த்து. ஏ380கள் சில ஆஸ்திரேலியப் பாலைவனத்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் போய் நின்றன. சாங்கியில் நின்ற ஏ380 உணவகமாக மாறியது! செப்டம்பரில் குழுமம் 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. அந்த ஆண்டு உரிமத்தோடு வெளியே வந்த இளையர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். குற்றம் அவர்களுடையது இல்லை, வருடத்தினுடையது. நான்கே ஆண்டுகள் கழித்து, 2024 மே மாதம்? அதே குழுமம் 267 கோடி வெள்ளி லாபம் காட்டியது, ஊழியர்களுக்கு எட்டு மாதச் சம்பளத்தை ஒட்டிய போனஸ்!

இந்தியாவைப் பாருங்கள். 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்கள் கேட்டது, இண்டிகோ ஒரே கையெழுத்தில் 500! 2025இல் விமானிகளின் வாராந்தர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது, இரவுப் பணிக்கும் கட்டுப்பாடு வந்தது. டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்ய நேர்ந்தது. விமானம் இருந்தது, பயணி இருந்தார், புதிய விதிக்கு ஏற்ற அளவில் விமானிகள் இல்லை! அடுத்த இருபது ஆண்டுகளில் உலகுக்கு 6,60,000 புதிய விமானிகள் தேவை என்று 2025இல் போயிங் கணித்தது. விமானம் விற்பவர்களின் கணிப்பு என்பதையும் மனத்தில் வையுங்கள். நிறுவனம் செலவை ஏற்றுப் பல ஆண்டு ஒப்பந்தம் எழுதும் பயிற்சித் திட்டம் கிடைத்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். சொந்தக் காசில் போவதென்றால் இங்கே லட்சம் வெள்ளிக்கு மேல், இந்தியாவில் அரைக் கோடி ரூபாய்க்கு மேல். வீட்டை அடமானம் வைக்கும் முன், வேறொரு படிப்பும் கையில் இருக்கட்டும் என்று கெஞ்சிக் கேட்பேன். எத்தனையோ குடும்பங்கள் இதைக் கேட்டிருந்தால் தப்பித்திருக்கும்.

ஓய்வு வயது தெரியுமா? அனைத்துலகச் சேவைகளில் 65. இதை 67 ஆக்க விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா கேட்டது, 2025இல் ஐசிஏஓ மாநாடு மறுத்துவிட்டது. மூத்தவர்கள் நகர நகர இளையவர்களுக்கு இருக்கை காலியாகும். சாங்கியின் ஐந்தாம் முனையத்துக்கு 2025 மே 14 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2030களின் நடுப்பகுதியில் திறக்கும்போது ஆண்டுக்கு 5 கோடிப் பயணிகளை அது கையாளும். 2008இல் மார்சிலிங்கில் பிறந்த ஒரு பிள்ளைக்கு, தேசிய சேவையும் பயிற்சியும் முடித்து ஃபர்ஸ்ட் ஆஃபீசராகியிருந்தால், அப்போது வயது இருபத்தேழு, இருபத்தெட்டுதான் இருக்கும். இன்றைய விதிப்படி 2073 வரை பறக்கலாம்!