கூண்டுப் பறவைக்கு மருத்துவர் எங்கே? லெம்பா பெர்த்தாம் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

லவ்பேர்ட்ஸ் என்று நாம் வாங்கி வரும் பட்ஜி கிளியின் எடை 30 முதல் 40 கிராம்தான். அதில் 4 கிராம் குறைந்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு கரைந்துவிட்டது என்று அர்த்தம். இறகு அந்த மெலிவை மறைத்துவிடும். நோயுற்ற கிளி தீனிக் கிண்ணத்தில் அலகை விட்டுக் கொறித்துக்கொண்டே இருக்கும், ஆனால் தானியம் உள்ளே போகாது. பலவீனத்தை வெளியே காட்டினால் வல்லூறுக்கு இரையாக வேண்டியதுதான் என்பதால், நோயை மறைப்பது பறவையின் பிறவிக் குணம். “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு” என்று வீட்டில் சொல்லும்போது, நோய் தொடங்கிப் பல நாள் ஆகியிருக்கும்.

எல்லா ஊர்க் கிளிக்கும் இதே கதைதான் என்றாலும், லெம்பா பெர்த்தாம் அடங்கிய கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் நிலைமை இன்னும் கடினம். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு 45 கிலோமீட்டர் அளவுக்கு வளைவும் சரிவுமான சாலை. அங்கிருந்து நெடுஞ்சாலை பிடித்துக் கோலாலம்பூரைத் தாண்டினால்தான் செர்டாங். பறவைகளையும், முயல் போன்ற ‘எக்ஸாட்டிக்’ எனப்படும் அயல்நாட்டுச் செல்லப்பிராணிகளையும் பார்க்கும் புத்ரா மலேசியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை அங்கே இருக்கிறது. மொத்தம் 200 கிலோமீட்டருக்கும் மேல். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் தனியார் கிளினிக்குகள் உண்டு. எதுவானாலும் மலையிறங்கித்தான் ஆக வேண்டும்.

பக்கத்து ஊர் கிளினிக்கில் நாய்க்கும் பூனைக்கும் ஊசி போடுகிறார்களே, கிளியையும் அங்கேயே காட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. அந்த மருத்துவருக்குப் பறவையிலும் முயலிலும் பழக்கம் உண்டா என்பதுதான் கேள்வி. முயலை எடுத்துக்கொள்ளுங்கள். நாய்க்கும் பூனைக்கும் வாய்வழி கொடுக்கும் அமாக்ஸிசிலின் மருந்தை முயலுக்கோ கினிப்பன்றிக்கோ கொடுத்தால், குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சு சுரக்கும் கிருமிகள் பெருகி, உயிரே போகலாம். நாய்க்கு உண்ணி போகத் தடவும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம். பறவையின் உடல் அமைப்போ முற்றிலும் வேறு. நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்து இயங்குவதால், காற்றில் கலந்த எதுவும் அதன் உடம்பில் வேகமாக ஏறும். ஒட்டாத பூச்சுள்ள வாணலியை அடுப்பில் வெறுமனே காயவிட்டால் எழும் புகை, சமையலறையில் தொங்கும் கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவத்தியும் சாம்பிராணியும் அதற்கு நல்லதல்ல.

பறவை மருத்துவம் தனித் துறையாக வளர்ந்ததும் அண்மையில்தான். பறவை மருத்துவர்களுக்கான அனைத்துலகச் சங்கமே 1980-ல்தான் தோன்றியது. அதனால் நகரத்திலேயே இத்தகைய மருத்துவர்கள் குறைவு. தொலைபேசியில் அழைக்கும்போது “எக்ஸாட்டிக் பார்ப்பீர்களா” என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஏறக்குறைய எத்தனை பறவை, எத்தனை முயல் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். கிராம் கணக்கில் காட்டும் தராசு, மயக்கம் கொடுக்க ஐசோஃபுளூரேன் வாயு, நோயுற்ற பறவையை வெதுவெதுப்பாக வைக்கும் பெட்டி ஆகியவை இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பழக்கப்பட்டவர் தயங்காமல் பதில் சொல்லுவார். 1974-ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டத்தின்படி மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவர்தான் இங்கே சிகிச்சை அளிக்கலாம், அதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கட்டணத்தை முன்பே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில், கிளி வாங்கிய விலையைவிட அதன் முதல் பரிசோதனைக்குக் கூடுதலாகச் செலவாகும் என்பது தோட்டத்துக் குடும்பத்துக்குச் சின்ன விஷயமல்ல.

நான் முக்கியமாக வலியுறுத்துவது இன்னொரு வழியை. அருகில் இருக்கும் பொது மருத்துவரிடம் பறவையை நல்ல நிலையில் இருக்கும்போதே ஒருமுறை காட்டுங்கள். அவசரம் வந்தால் நகரத்து நிபுணரைத் தொலைபேசியில் அழைத்து ஆலோசனை கேட்டுச் சிகிச்சை கொடுக்க முடியுமா என்று அவரிடம் கேட்டு வையுங்கள். பல மருத்துவர்கள் இதைச் சந்தோஷமாகச் செய்வார்கள். இரவோடு இரவாக மலையிறங்க முடியாத குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

வீட்டில் செய்ய வேண்டியது சமையலறைத் தராசிலிருந்து தொடங்குகிறது. மாவு நிறுக்கும் அந்த டிஜிட்டல் தராசின்மேல் ஒரு சின்ன டப்பாவை வைத்து, காட்டும் எடையைப் பூஜ்யமாக்கி, தினை கொஞ்சம் தூவுங்கள். பழகிய கிளி தானாகவே ஏறி உட்காரும். வாரம் ஒருமுறை, தீனி வைப்பதற்கு முன் காலையில் நிறுத்து, சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் தேதிக்குப் பக்கத்திலேயே எண்ணை எழுதிவிடுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அந்த எண்களைத்தான். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்காருவது, மூச்சு விடும்போதெல்லாம் வால் ஏறி இறங்குவது, எச்சத்தின் நிறமும் அளவும் மாறுவது ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். முயல் 12 மணி நேரம் எதையும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அதுவும் அவசரமே.

மலைக் குளிருக்குத் தனிக் கவனம் வேண்டும். கேமரன் மலையின் இரவு 18 டிகிரிக்கும் கீழே இறங்கும். நோயுற்ற பறவைக்கோ 30 டிகிரியை ஒட்டிய வெப்பம் தேவை. குளிரும் சுண்ணாம்புச் சத்துக் குறைவும் சேர்ந்தால் பெட்டைக் கிளிக்கு முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். தோட்டத்து வீடுகளில் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் பறவை மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். இன்னொன்று, காய்கறித் தோட்டத்தில் கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலையை அப்படியே அள்ளி வந்து முயலுக்குப் போடாதீர்கள். மருந்து அடித்து எத்தனை நாள் ஆனது என்று தெரியாத இலை அது.

பயணத்துக்குச் சின்ன, இருட்டான, காற்றோட்டமுள்ள பெட்டி போதும். வளைவுகளில் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து பறவையை நனைக்கும். அதற்குப் பதில் ஒரு துண்டு வெள்ளரியோ ஆப்பிளோ வையுங்கள். மலையில் போர்த்திய துணியைத் தாப்பா இறங்கியதும் விலக்க வேண்டும். அங்குள்ள வெயில் மலைக்குளிரில் வளர்ந்த முயலைச் சுருட்டிவிடும், ஆகவே விடியுமுன்னே கிளம்புவது நல்லது. கூண்டின் புகைப்படம், தின்னும் தீனி, அன்றைய எச்சம் விழுந்த காகிதம் மூன்றையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

பிராணியை வைத்திருக்க உரிமம் இல்லை என்ற பயத்திலேயே சிலர் மருத்துவரிடம் போவதில்லை. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கப்பட்ட இனங்களை உரிமமின்றி வைத்திருப்பதைத் தடைசெய்கிறது. குரலுக்காகப் பலரும் விரும்பும் முராய் பத்து பறவை, மலேசியாவும் சிங்கப்பூரும் முன்மொழிந்து 2022-ல், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2017 முதல் முதலாம் இணைப்பில் இருக்கிறது. வாங்கும் முன்பே வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அலுவலகத்தில் விசாரித்துக் காகிதத்தைச் சரிசெய்துவிட்டால், நோய் வந்த நேரத்தில் தயங்க வேண்டியதில்லை. தேயிலைக் காட்டில் தேவாங்கோ கூட்டிலிருந்து விழுந்த குஞ்சோ கண்ணில் பட்டால், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கப் பார்க்காதீர்கள்; பெர்ஹிலித்தானுக்குத் தகவல் சொல்லுங்கள்.

பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று கிளியோ முயலோ ஆமையோ வாங்கக் கிளம்புகிறவர்கள், கடைக்குப் போகும் முன் ஒரு மருத்துவரை அழைத்துப் பேசுங்கள். பார்க்க ஆளும், போய்வர வண்டியும், செலவுக்குக் கொஞ்சம் ஒதுக்கிய பணமும் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம்.