எறும்பு விதைக்கும் ட்ரில்லியம்

ஸ்காபரோவிலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: பின்வளவில் மேப்பிள் நிழலில் புல்லே பிடிக்கவில்லை, ரூஜ் பூங்காவில் கண்ட வெள்ளை ட்ரில்லியத்தைக் கிழங்கோடு கிண்டி வந்து வைத்தால் வருமா?

அந்த நிழலுக்கு அதைவிடப் பொருத்தமான பூ இல்லை. மரங்கள் தளிர்த்து மூடுவதற்குள் விழும் வசந்தகால வெயிலிலேயே அது பூத்துவிடும். ஆனால் காட்டில் கிண்டவே கூடாது. பூங்காவில் அது தடைசெய்யப்பட்டது. தவிர, விதை விழுந்து முதல் வசந்தத்தில் மண்ணுக்குள் வேர் மட்டும்தான் இறங்கும். அடுத்த வசந்தத்தில்தான் ஒற்றை விதையிலை வெளியே வரும். பூக்க 7 முதல் 10 வருடம் ஆகும். அத்தனை வருட வளர்ச்சியை ஒரு மண்வெட்டி ஒரு நிமிடத்தில் பெயர்த்துவிடுகிறது.

என்னை மிகவும் கவர்ந்தது இதன் விதை. ஊரில் ஆமணக்கு விதையின் நுனியில் ஒரு சிறு குமிழ் இருக்குமே, அதுபோல ட்ரில்லியம் விதையிலும் கொழுப்புச் சதை ஒட்டியிருக்கும். அதற்காகவே எறும்புகள் விதையைப் புற்றுக்கு இழுத்துப் போகின்றன. சதையைத் தம் புழுக்களுக்கு ஊட்டிவிட்டு, விதையைக் கழிவுக் குவியலில் போடுகின்றன. விதைக்கு அதுதான் நல்ல எருமண். ஆனால் எறும்பு எவ்வளவு தூரம் சுமக்கும்? சில மீற்றர்தான். மான் தின்று எச்சத்தோடு தொலைவில் போடுவதும் உண்டு. என்றாலும் ஒருமுறை அழிந்த காட்டுக்கு இந்தப் பூ திரும்பி வருவது மிக மெதுவாகத்தான். 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாண மலர் இது. அதை விதைக்கும் எறும்புகள்மேல் நாம் மருந்துப் பொடி தூவிக்கொண்டிருக்கிறோம்!

இலையுதிர்காலத்தில் சருகை எல்லாம் பையில் கட்டித் தெருவோரம் வைப்பதும் அதே போன்ற தவறுதான். மரத்தடியில் அதை விட்டுவிடுங்கள், மக்கி மண்ணாகட்டும். தூண்டிலுக்கு வாங்கி மிஞ்சிய மண்புழுக்களை அங்கே கொட்டாதீர்கள். மண்புழு உழவனின் நண்பன் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே கதை வேறு. பனியுகத்துப் பனிப்பாறைகள் மூடிக் கிடந்த இந்த நிலத்துக் காடுகள் மண்புழு இல்லாமல் வளர்ந்தவை. ஐரோப்பாவிலிருந்து வந்த புழுக்கள் சருகுப் படலத்தைத் தின்று தீர்க்க, அதை நம்பி வாழும் காட்டுப் பூக்கள் குறைகின்றன.

கிழங்கை நாற்றுப்பண்ணையில் வாங்குங்கள். அங்கேயே விதையிலிருந்து வளர்த்ததா என்று கேளுங்கள். பூக்கும் பருவத்துச் செடி மலிவாகக் கிடைத்தால் காட்டில் கிண்டியதாக இருக்கக்கூடும். இலையுதிர்காலத்தில் நட்டு, மண்ணை ஈரமாக வைத்திருந்தால் போதும். பூத்ததும் பிள்ளைகள் பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டோடு ஒடித்தால் பூவுக்குக் கீழுள்ள மூன்று இலைகளும் கூடவே வந்துவிடும். அடுத்த வருடத்துக்கான உணவைக் கிழங்குக்குச் சேர்ப்பவை அவைதான். அவற்றை இழந்த செடி தேறப் பல வருடம் எடுக்கும், சிலவேளை பட்டும் போகும்.