13 போட்டி, 13 வெற்றி: கருணாநிதியின் தேர்தல் கணக்கை வாசிப்பது எப்படி?

மு. கருணாநிதியைப் பற்றிப் பேசும் எவரும், அவரைப் பிடித்தவரானாலும் பிடிக்காதவரானாலும், ஒரு செய்தியை மறக்காமல் சொல்வார்கள்: சட்டமன்றத் தேர்தலில் அவர் தோற்றதே இல்லை. 1957 முதல் 2016 வரை 13 முறை நின்றார், 13 முறையும் வென்றார். இடையில் தமிழ்நாட்டில் நடந்த 14 பொதுத்தேர்தல்களில் அவர் போட்டியிடாதது 1984 ஒன்றுதான்.

13 என்ற எண் உண்மைதான். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் பாதிக் கதைகூடத் தெரியாது. அந்த 13க்குள் 699 வாக்கில் தப்பிய வெற்றியும் இருக்கிறது, 68,366 வாக்கில் கிடைத்த வெற்றியும் இருக்கிறது. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வரலாற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் கிடைக்காது. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு வரியிலும் தொகுதி, அவர் பெற்ற வாக்கு, இரண்டாம் இடம் வந்தவர் பெற்ற வாக்கு, வித்தியாசம் என்ற வரிசையில் தந்திருக்கிறோம்.

1957 – குளித்தலை: 22,785, 14,489, 8,296
1962 – தஞ்சாவூர்: 32,145, 30,217, 1,928
1967 – சைதாப்பேட்டை: 53,401, 32,919, 20,482
1971 – சைதாப்பேட்டை: 63,334, 50,823, 12,511
1977 – அண்ணாநகர்: 43,076, 26,638, 16,438
1980 – அண்ணாநகர்: 51,290, 50,591, 699
1989 – துறைமுகம்: 41,632, 9,641, 31,991
1991 – துறைமுகம்: 30,932, 30,042, 890
1996 – சேப்பாக்கம்: 46,097, 10,313, 35,784
2001 – சேப்பாக்கம்: 29,836; 25,002; 4,834
2006 – சேப்பாக்கம்: 34,188, 25,662, 8,526
2011 – திருவாரூர்: 1,09,014; 58,765; 50,249
2016 – திருவாரூர்: 1,21,473, 53,107, 68,366

தொடக்கம்: குளித்தலையும் தஞ்சையும்

1949இல் பிறந்த தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் இறங்கியது 1957இல். அப்போது அது அங்கீகரிக்கப்பட்ட கட்சி அல்ல. அதன் வேட்பாளர்கள் தேர்தல் கணக்கில் சுயேச்சைகள்தான். கருணாநிதிக்கு வயது 32. திரைப்பட வசனங்களாலும் 1953 கல்லக்குடிப் போராட்டத்தாலும் பெயர் தெரிந்திருந்தது. அந்தத் தேர்தலில் தி.மு.க.வுக்குக் கிடைத்த 15 இடங்களில் குளித்தலையும் ஒன்று. அவையில் அவர் முதலில் எழுப்பியது தொகுதிக்குள் இருந்த நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினை.

1962இல் காங்கிரஸ் அந்த 15 தொகுதிகளையும் குறிவைத்து வேலை செய்தது. காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். 1957இல் வென்ற 15 பேரில் மீண்டும் சட்டமன்றத்துக்குள் வந்தவர் கருணாநிதி ஒருவரே. அதுவும் குளித்தலையிலிருந்து அல்ல. தஞ்சாவூருக்கு மாறி, நகரில் செல்வாக்கு மிக்க பரிசுத்த நாடாரை 1,928 வாக்கில் வென்று வந்தார்.

இந்த ஒரு வெற்றிதான் அவருடைய அரசியல் வாழ்வின் திசையைத் தீர்மானித்தது. 50 இடங்கள் பெற்ற தி.மு.க. முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. அண்ணா அவையில் இல்லாத நிலையில் நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவரானார், கருணாநிதி துணைத் தலைவரானார். 1967இல் ஆட்சி வந்தபோது அவர் பொதுப்பணித் துறை அமைச்சர். 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார், பிப்ரவரி 10 அன்று கருணாநிதி முதலமைச்சரானார். தஞ்சையில் ஓராயிரம் பேர் மாற்றிக் குத்தியிருந்தால் இந்த வரிசை எப்படிப் போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

699 வாக்கு: 1980

13 வெற்றிகளில் நின்று பார்க்க வேண்டியது இதுதான். 1980 ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. தி.மு.க.–இந்திரா காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37ஐ அள்ளியது. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்த முதலமைச்சர் கருணாநிதிதான் என்றே பலரும் நினைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது மக்கள் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தார்கள். அ.தி.மு.க.வுக்கு 129 இடங்கள், தி.மு.க.வுக்கு 37 மட்டும்.

அண்ணாநகரில் அவரை எதிர்த்து நின்றவர் அ.தி.மு.க.வின் எச்.வி. ஹண்டே. இருவரும் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் 1,01,881 வருகிறது. வித்தியாசம் 699, அதாவது நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு. கருணாநிதிக்கு வாக்களித்தவர்களில் 350 பேர் மனம் மாறி ஹண்டேவுக்குப் போட்டிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். அந்த 350 பேர் ஓரிரு தெருக்களில் அடங்கிவிடுவார்கள். நூலிழையில் தோற்ற ஹண்டே பின்னர் எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதாரத் துறையை ஏற்றார்.

890 வாக்கு: 1991

1991 ஜனவரி 30 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். தள்ளிவைக்கப்பட்டு ஜூனில் நடந்த வாக்குப்பதிவில் அனுதாப அலை வீசியது. அ.தி.மு.க. 164 இடங்களும் காங்கிரஸ் 60 இடங்களும் பெற்றன. தி.மு.க. ஏறத்தாழத் துடைத்தெறியப்பட்டது. துறைமுகத்தில் காங்கிரசின் கே. சுப்புவை 890 வாக்கில் வென்ற கருணாநிதி, கட்சியின் படுதோல்வியை அடுத்து சட்டமன்ற உறுப்பினர் பதவியை விட்டு விலகினார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே துறைமுகத்தில் அவர் பெற்ற வித்தியாசம் 31,991. வேட்பாளர் மாறவில்லை, தொகுதி மாறவில்லை. 1989இல் அ.தி.மு.க. ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று பிரிந்து கிடந்தது, காங்கிரஸ் தனித்து நின்றது. எதிர் வாக்குகள் சிதறின. 1991இல் அவையெல்லாம் ஒரே இடத்தில் குவிந்தன. வெற்றியின் அளவு வேட்பாளரின் செல்வாக்கை மட்டும் காட்டுவதில்லை. எதிரே நிற்பவர்கள் சேர்ந்திருக்கிறார்களா, பிரிந்திருக்கிறார்களா என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

பெரிய வித்தியாசம், பெரிய வெற்றியா?

2016இல் திருவாரூரில் பெற்ற 68,366 வாக்கு வித்தியாசம் அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே மிக அதிகம். அப்போது அவருக்கு வயது 91. அவருடைய 13 வெற்றிகளிலும் இதுவே பெரியது என்று எண்ணத் தோன்றும். ஆனால் சேப்பாக்கம் சிறிய தொகுதி, திருவாரூர் பெரிய தொகுதி. வித்தியாசத்தை அப்படியே வைத்து ஒப்பிடக் கூடாது, விகிதத்தைப் பார்க்க வேண்டும்.

2016இல் அவர் பெற்ற வாக்கு இரண்டாம் இடத்தவர் பெற்றதைப் போல் ஏறக்குறைய 2.3 மடங்கு. 1996இல் சேப்பாக்கத்தில் காங்கிரஸ் வேட்பாளராக நின்ற தமிழறிஞர் நெல்லை கண்ணன் பெற்றதைப் போல் ஏறக்குறைய 4.5 மடங்கு பெற்றார். எண்ணிக்கையில் பெரியது 2016, விகிதத்தில் பெரியது 1996. பர்கூரில் முதலமைச்சர் ஜெயலலிதாவையே மக்கள் தோற்கடித்த ஆண்டு அது.

ஏழு தொகுதிகள்: பலமா, பலவீனமா?

குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணாநகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என ஏழு தொகுதிகளில் அவர் நின்றார். மாநிலத்தில் எந்தத் தொகுதியில் வாக்காளராகப் பதிந்திருந்தாலும் அந்த மாநிலத்தின் வேறெந்தத் தொகுதியிலும் போட்டியிடலாம் என்கிறது சட்டம். ஆகவே இதில் முறைகேடு எதுவும் இல்லை.

விமர்சகர்கள் இதைப் பாதுகாப்பான இடம் தேடும் உத்தி என்றார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 699இல் தப்பிய அண்ணாநகருக்கும் 890இல் தப்பிய துறைமுகத்துக்கும் அவர் திரும்பிப் போகவில்லை. ஆனால் எல்லா மாற்றத்துக்கும் அது காரணமல்ல. 2008 மறுவரையறையில் பழைய சேப்பாக்கம் தொகுதி திருவல்லிக்கேணியோடு இணைந்தது. அதே மறுவரையறையில்தான் அதுவரை தனித்தொகுதியாக இருந்த திருவாரூர் பொதுத்தொகுதியானது. திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் படித்து வளர்ந்தவர், சொந்த ஊரில் 86 வயதில் நின்றதற்கு இதுவே வழிவிட்டது.

கேரளத்தின் கே.எம். மாணியும் 13 முறை வென்றவர். 1965 முதல் 2016 வரை அத்தனையும் பாலா என்ற ஒரே தொகுதியில். அது ஓர் ஊரோடு வாழ்ந்த தலைவரின் கணக்கு. கருணாநிதியுடையது மாநிலம் முழுவதையும் களமாகக் கொண்ட கட்சித் தலைவரின் கணக்கு. எண் ஒன்றேயானாலும் இரண்டும் ஒரே வகையான சாதனை அல்ல.

வெற்றி வேறு, பதவிக்காலம் வேறு

13 வெற்றி என்றால் 13 ஐந்தாண்டுகள் என்று பொருளல்ல. 1976, 1980, 1991 ஆகிய ஆண்டுகளில் சட்டமன்றமே கலைக்கப்பட்டது. 1983இல் இலங்கைத் தமிழர் படுகொலைகளைக் கண்டித்து அவரும் க. அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தார்கள். 1984இல் அவர் மேலவை உறுப்பினரானார், 1986இல் மேலவையும் கலைக்கப்பட்டது. 1991இல் மறுபடியும் பதவி விலகினார். 2016இல் தொடங்கிய கடைசிப் பதவிக்காலம் 2018 ஆகஸ்ட் 7 அன்று அவர் மறைவோடு முடிந்தது.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 1967, 1971, 1989, 1996, 2006 ஆகிய ஐந்து வெற்றிகள் அவரை ஆளுங்கட்சி வரிசையில் உட்கார வைத்தன. மற்ற எட்டு முறையும் அவர் வென்று போனது எதிர்க்கட்சி வரிசைக்கு. ஐந்து முறை முதலமைச்சராகி ஏறக்குறைய 19 ஆண்டுகள் ஆண்டவர் என்பதே நம் நினைவில் முந்தி நிற்கிறது. 1976 ஜனவரி 31 முதல் 1989 ஜனவரி 27 வரை ஏறக்குறைய 13 ஆண்டுகள் ஆட்சிக்கு வெளியே நின்றவரும் அவர்தான். கட்சி தோற்ற ஆண்டுகளிலும் தன் தொகுதியை விடாமல் பிடித்துக்கொண்டதுதான் இந்தச் சாதனையின் உள்ளடக்கம். 1967இல் விருதுநகரில் காமராஜர் தோற்றதையும், 1962இல் அண்ணா தோற்றதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

அவையில் இருப்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். அனுமதியின்றி 60 நாட்கள் கூட்டங்களுக்கு வராத உறுப்பினரின் இடத்தைக் காலியானதாக அறிவிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 190ஆவது பிரிவு. பிற்காலத்தில் சக்கர நாற்காலியில் வந்த கருணாநிதி, அவைக்குள் தமக்கு வசதியான இருக்கை இல்லை என்று சொல்லி, வெளியே வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுத் திரும்பினார். திருவாரூர் அவருக்கு வாரி வழங்கிய அந்த ஆண்டுகளில் அவையில் அவர் குரல் அரிதாகவே ஒலித்தது. அதையும் மறைக்காமல் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான கணக்கு.

உங்கள் உறுப்பினரின் கணக்கு

இந்த முறையில் உங்கள் தொகுதி உறுப்பினரின் கணக்கையும் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு தேர்தலின் முடிவுகளையும் தேர்தல் ஆணையம் வெளியிடுகிறது. படிவம் 20ஐ எடுத்தால் உங்கள் வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை வாக்கு என்பது வரை தெரியும். வேட்பாளரின் சொத்தும் வழக்குகளும் அவர் தாக்கல் செய்த உறுதிமொழிப் பத்திரத்தில் இருக்கும். பார்க்க வேண்டியவை ஐந்து: எத்தனை வாக்கில் வென்றார், அது இரண்டாம் இடத்தவரைப் போல் எத்தனை மடங்கு, எதிர் வாக்குகள் சேர்ந்திருந்தனவா பிரிந்திருந்தனவா, கட்சி தோற்றபோது அவர் என்ன ஆனார், வென்ற பிறகு அவையில் எத்தனை நாள் இருந்து என்ன பேசினார்.

கருணாநிதியின் 13 வெற்றிகளில் இரண்டு, மொத்தம் 1,589 வாக்கு வித்தியாசத்தில் வந்தவை. தம் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடப் போகிறது என்று வாக்குப்பதிவு நாளில் வீட்டில் இருந்துவிடுகிறவர்களிடம் 1980 அண்ணாநகர் முடிவைச் சொல்லுங்கள். அடுத்த தேர்தலில் தவறாமல் போய் வாக்களியுங்கள். வாக்களித்த பிறகு, நீங்கள் அனுப்பியவரின் கணக்கை ஐந்து ஆண்டுகளும் கேட்டுக்கொண்டே இருங்கள்.